ஐஸ் வைக்காதீங்க... ஐஸை உடைங்க!

மேட்டூர்ல தண்ணி திறந்து, கல்லணையைத் தாண்டி, வாய்க்கால் வரைக்கும் வந்து சேர்ற அதே சீஸன்லதான் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கத்து காலேஜ்கள்லயும் புதுத் தண்ணி பாயும். வேற யாரு... நம்ம ஃபர்ஸ்ட் இயர் மக்கள்தான்!

நாத்தங்கால்லேர்ந்து நாத்தைப் பறிச்சு நடவு வயல்ல ஊன்றின முதல் சில நாள் பார்த்திருப்பீங்க. தலை தொங்கி, வெளிறிப்போய், 'என்னை ஏன்டா இங்க கொண்டு வந்தீங்க'ங்கிற மாதிரி பாவமா நிக்கும். அப்புறம் மெதுவா வேர் புடிச்சு நிமிரும். 'பயிர் பச்சை புடிச்சிருச்சு'னு ஊர்ல சொல்வாங்க. ஃபர்ஸ்ட் இயர் கிளாஸும் அப்படித்தான். ஒரத்தநாட்டுலேர்ந்து ஒரு பொண்ணு, பேராவூரணியிலேர்ந்து ஒரு பையன், தமிழ் மீடியத்துல படிச்ச பாதிப் பேர், இங்கிலீஷ் மீடியம் மீதிப் பேர். ஒரே பஸ்ல வர்றவங்க ஒரு குரூப்பு, ஒரே ஸ்கூல்ல படிச்சவங்க ஒரு குரூப்பு. ரெண்டுலயும் சேராதவங்க ஜன்னல் பக்கம் உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கிட்டு இருப்பாங்க. சிலர் பத்து நாள்ல பச்சை புடிச்சிருவாங்க. சிலருக்கு ஒரு செமஸ்டர் ஆகும். சிலர் டி.சி. வாங்கிட்டுப் போயே போயிருவாங்க.

அந்தப் பத்து நாளைச் சுலபமாக்கத்தான் 'ஐஸ்பிரேக்கர்'ங்கிற சமாசாரம். அதுலயும் இப்ப நாம பேசப் போறது ஒரே ஒரு வகை பத்தி. ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர் நல்லதா ஒரு வார்த்தை சொல்ற விளையாட்டுகள்.

'அட, ஐஸ் வைக்கிறதா? அது நமக்குத் தண்ணி பட்ட பாடாச்சே!'னு துள்ளாதீங்க. இன்டர்னல் மார்க்குக்காக ஹெச்.ஓ.டி-க்கு வைக்கிற ஐஸ் வேற, பைக் சாவிக்காக அண்ணனுக்கு வைக்கிற ஐஸ் வேற. இது எதையும் எதிர்பார்க்காம சொல்றது. ஐஸ் வைக்கிறதுக்கும் ஐஸை உடைக்கிறதுக்கும் அதுதான் வித்தியாசம்!

'இன்ட்ரோ கொடு'ன்னா நடுங்கின காலம்

இது எதுக்கு இப்ப இவ்வளவு முக்கியம்னு கேட்டா, கொஞ்சம் பின்னாடி போகணும். கொள்ளிடத்தைத் தாண்டினா சிதம்பரம். 1996 நவம்பர்ல அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில முதலாமாண்டு படிச்சிட்டிருந்த நாவரசு, ராகிங்ல கொல்லப்பட்டார். தமிழ்நாடே உறைஞ்சு போச்சு. அடுத்த வருஷமே, 1997-ல, தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்துச்சு. நாட்டுல ராகிங்குக்குன்னே தனியா வந்த ஆரம்பகாலச் சட்டங்கள்ல அது ஒண்ணு. ராகிங் பண்ணினா 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அந்தக் கொலை வழக்கு கோர்ட் கோர்ட்டா நடந்து, 2011-ல உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செஞ்சுச்சு. 15 வருஷம்!

2009 மார்ச்ல இமாச்சலப் பிரதேசத்துல அமன் கச்ரூங்கிற மருத்துவ மாணவர் ராகிங்ல இறந்தார். அதே வருஷம் யு.ஜி.சி. நாடு முழுக்க ராகிங் தடுப்பு விதிமுறைகளைக் கொண்டு வந்துச்சு. நீங்களும் உங்க அப்பா, அம்மாவும் அட்மிஷன் அப்போ கையெழுத்துப் போட்டீங்களே ஒரு உறுதிமொழி, அது அந்த விதிமுறைகள்லேர்ந்து வந்ததுதான்.

சரி, 'செய்யாதே'னு சட்டம் சொல்லியாச்சு. அப்ப புதுசா வர்றவங்களை எப்படித்தான் வரவேற்கிறது? அதுக்கும் பதில் வந்துச்சு, கொஞ்சம் லேட்டா. 2017-ல ஏ.ஐ.சி.டி.இ. இன்ஜினீயரிங் காலேஜ்களுக்கு 3 வார 'இண்டக்ஷன் புரோகிராம்' கொண்டு வந்துச்சு. வந்ததும் வராததுமா பாடத்தைத் தூக்கித் தலையில வைக்காம, முதல்ல பழகவிடுங்கன்னு சொல்லுது அது. 2019-ல யு.ஜி.சி. 'தீக்ஷாரம்ப்'ங்கிற பேர்ல ஆர்ட்ஸ், சயின்ஸ் காலேஜ்களுக்கும் ஒரு கைடு போட்டுச்சு. ஆக, இன்னிக்கு உங்க காலேஜ்ல முதல் சில நாள் கேம்ஸ், பாட்டு, லைப்ரரி சுத்திக் காட்டுறதுனு போகுதுன்னா, அதுக்குப் பின்னாடி இவ்வளவு பெரிய கதை இருக்கு.

ஆனா ஒண்ணு பாஸ்... முக்கால்வாசி இடத்துல இந்த 'கேம்ஸ்' எப்படி நடக்குது? 'எழுந்து நில்லு. பேரு? ஊரு? எய்ம் என்ன? ஹாபி என்ன?' 60 பேரும் வரிசையா 'ஐ.ஏ.எஸ்., பாட்டு கேக்குறது'னு சொல்லிட்டு உட்கார்றாங்க. பக்கத்து சீட்டுக்காரன் பேர்கூட ஞாபகத்துல நிக்காது. அதுலயும் 'எந்த ஊரு?'க்கு அடுத்து 'ஊர்ல எந்தத் தெரு?'னு ஒரு கேள்வி வரும் பாருங்க... அது எதுக்காகக் கேக்குறாங்கனு கேக்குறவருக்கும் தெரியும், பதில் சொல்றவருக்கும் தெரியும். அந்த ஒரு கேள்வியில சில முகம் சுருங்கிடும். ஐஸ் உடையாது, இன்னும் கெட்டியாயிடும். ஊரு, தெரு, 'அப்பா என்ன பண்றார்' எல்லாத்தையும் தள்ளி வெச்சுட்டு, ஆளைப் பார்த்துப் பேச வைக்கிற விளையாட்டுதான் நமக்கு வேணும்.

பாராட்டுல என்னப்பா பெரிய சயின்ஸ்?

இருக்கு. அமெரிக்காவுல எரிகா பூத்பி, வனெஸா பான்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள். முன்பின் தெரியாத ஒருத்தர்கிட்ட போய் நல்லதா ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாங்க. சொல்றதுக்கு முன்னாடி, 'கேக்குறவருக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கும்னு நினைக்கிறீங்க?'னு கேட்டு வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் கேட்டவர்கிட்டயும் போய் விசாரிச்சாங்க. ரிசல்ட்? சொன்னவங்க நினைச்சதைவிட கேட்டவங்களுக்கு அதிக சந்தோஷம். 'தொல்லையா இருக்குமோ, தப்பா நினைப்பாங்களோ'ங்கிற பயம் மட்டும் தேவைக்கு மேல இருந்துச்சு. 2021-ல வெளியான ஆய்வு இது.

அதே வருஷம் ஷுவான் ஜாவ், நிக்கலஸ் எப்லினு இன்னும் ரெண்டு பேர் காரணத்தையும் சொன்னாங்க. பாராட்டப் போறவர் 'சரியா சொல்லத் தெரியுமா, வார்த்தை வருமா'னு தன்னைப் பத்தியே கவலைப்படுறார். கேக்குறவரோ அதையெல்லாம் பார்க்கறதே இல்ல. 'நம்மளைக் கவனிச்சிருக்காங்களே'ங்கிற அன்பைத்தான் பார்க்கிறார். அதாவது, திக்கித் திணறி, பாதி தமிழ் பாதி இங்கிலீஷ்ல சொன்னாலும் ஃபுல் மார்க்! 'எனக்குப் பேசவே வராது'ங்கிற ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு இதைவிட நல்ல சேதி வேற என்ன வேணும்?

பர்ஸுக்குள்ள ஒரு பேப்பர்

இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் அம்மா மாதிரி ஒரு நிஜக் கதை இருக்கு. அமெரிக்காவுல மினசோட்டா மாநிலம், மாரிஸ்ங்கிற சின்ன ஊர். அங்கே ஒரு பள்ளிக்கூடத்துல ஹெலன் ம்ரோஸ்லானு ஒரு கன்னியாஸ்திரி கணக்கு டீச்சர். ஒரு வெள்ளிக்கிழமை. புதுக் கணக்கு யாருக்கும் புரியல, கிளாஸே கடுகடுனு இருக்கு. டீச்சர் பாடத்தை மூடி வெச்சுட்டார். 'கிளாஸ்ல இருக்கிற எல்லாரோட பேரையும் எழுதுங்க. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் அவங்களைப் பத்தி நீங்க சொல்லக்கூடிய நல்ல விஷயம் ஒண்ணை எழுதுங்க'னு சொல்லிட்டார். சனி, ஞாயிறு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி பேப்பர்ல, மத்தவங்க எழுதினதையெல்லாம் தொகுத்து எழுதி, திங்கக்கிழமை கையில கொடுத்தார். கிளாஸே சிரிப்பு. அப்புறம் யாரும் அதைப் பத்திப் பேசல.

வருஷங்கள் ஓடுச்சு. அந்த கிளாஸ்ல படிச்ச மார்க் எக்லண்ட்ங்கிற பையன் வியட்நாம் போர்ல 1971-ல இறந்துட்டார். அடக்கத்துக்கு டீச்சரும் வந்திருந்தார். மார்க்கோட அப்பா ஒரு பர்ஸைத் திறந்து காட்டினார். இறந்தப்போ மகன்கிட்ட இருந்த பர்ஸ். உள்ளே மடிச்சு மடிச்சு, கிழிஞ்ச இடத்துல டேப் ஒட்டின ஒரு பழைய பேப்பர். அதே லிஸ்ட்! சுத்தி நின்ன பழைய கிளாஸ்மேட்ஸ் ஒவ்வொருத்தரா, 'என்கிட்டயும் இருக்கு', 'என் டைரியில இருக்கு'னு சொல்ல ஆரம்பிச்சாங்க. ஹெலன் ம்ரோஸ்லா எழுதின இந்த அனுபவம் 1991-ல 'ரீடர்ஸ் டைஜஸ்ட்'ல வந்து உலகம் பூரா சுத்துச்சு.

ஒரு பேப்பர், ஒரு பேனா, ஒரு பீரியட். செலவு அவ்வளவுதான்!

நம்ம கேம்பஸுக்கு ஆறு கேம்

1. அறிமுகம்... ஆனா என்னை இல்ல!

முதல் நாளுக்கான கேம். முகமே தெரியாதவரைப் பாராட்டுன்னா பொய்தான் வரும். அதனால முதல்ல ரெண்டு ரெண்டு பேரா உட்காருங்க. ஆளுக்கு 5 நிமிஷம் பேசணும். கேக்க வேண்டிய கேள்வி மூணு: உனக்கு நல்லா வர்ற வேலை எது? யாருக்காவது நீ செஞ்ச உதவி ஒண்ணு சொல்லு? எதைப் பத்திக் கேட்டா ஒரு மணி நேரம் பேசுவே? அப்புறம் மேடையில அவர் உங்களை அறிமுகப்படுத்துவார், நீங்க அவரை அறிமுகப்படுத்துவீங்க. 'இவன் பேரு இது. டிராக்டரைப் பிரிச்சுப் போட்டு மாட்டுவான். தங்கச்சிக்கு சைக்கிள் கத்துக் கொடுத்தது இவன்தான்'னு அடுத்தவர் வாயால கேக்கும்போது இருக்கிற கெத்தே தனி. தன்னைப் பத்திப் பேசக் கூச்சப்படுறவங்களுக்கு இது கடவுள் கொடுத்த வரம்.

2. முதுகுல ஒரு சுவர்

ஒரு வாரம் பழகினப்புறம். ஆளாளுக்கு முதுகுல ஒரு ஏ4 பேப்பரை சேஃப்டி பின் போட்டு மாட்டிக்கணும். அட்டையா இருந்தா இன்னும் நல்லது. 20 நிமிஷம் எல்லாரும் சுத்திச் சுத்தி வந்து, மத்தவங்க முதுகுல ஒரு வரி எழுதணும். நேருக்கு நேர் பார்த்தா வராத வார்த்தை, முதுகைப் பார்த்தா சரளமா வரும்! கடைசியில கழட்டிப் படிக்கிறப்ப ஹால்ல ஒரு அமைதி வரும் பாருங்க, அதுக்காகவே இதை விளையாடலாம். இங்க் ஊறுற மார்க்கர் வேண்டாம் மக்களே. புதுச் சட்டைன்னா வீட்டுல தனியா ஒரு பாராட்டு விழா நடக்கும்!

3. நூல்கண்டு

வட்டமா நில்லுங்க. ஒரு கம்பளி நூல் கண்டு போதும். நுனியைப் பிடிச்சுக்கிட்டு, எதிர்ல இருக்கிற யாரையாவது பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லி, கண்டை அவர்கிட்ட தூக்கிப் போடுங்க. அவர் நூலைப் பிடிச்சுக்கிட்டு அடுத்தவருக்குப் போடணும். ஒருத்தருக்கு ஒரு தடவைதான். எல்லார் கைக்கும் போய் முடிச்சப்ப நடுவுல பெரிய வலை பின்னியிருக்கும். ஒரே ஒருத்தரை நூலை விடச் சொல்லுங்க. வலை எங்கெங்கே தொய்யுதுனு எல்லாரும் பார்ப்பாங்க. விளக்கமே தேவையில்ல.

4. ரகசிய ஃப்ரெண்ட்

'கிறிஸ்மா - கிறிஸ் சைல்ட்'னு டிசம்பர்ல பல காலேஜ்கள்ல விளையாடுற அதே சீட்டுக் குலுக்கல்தான். ஆனா கிஃப்ட்டுக்குப் பதிலா, தினமும் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டுல வந்த ஆளை அன்னிக்குக் கவனிச்சு, பார்த்த ஒரு நல்ல விஷயத்தை எழுதி, டப்பாவுல போடணும். 5 நாள். 'தினம் சொன்னா சலிச்சுப் போயிடாதா?'னு கேக்கலாம். மேலே சொன்ன ஜாவும் எப்லியும் இதையும் சோதிச்சிருக்காங்க. நாளுக்கு ஒண்ணுன்னு ஒரு வாரம் கொடுத்துப் பார்த்ததுல, கேக்குறவங்க சந்தோஷம் குறையவே இல்லையாம். இதுல இன்னொரு லாபம், ஒருத்தரை 5 நாள் கவனிச்சுப் பார்க்கப் பழகிடுவீங்க.

5. ஜோ + ஹாரி

1955-ல ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம்னு ரெண்டு உளவியல்காரங்க உருவாக்கினது. ரெண்டு பேர் பேரையும் சேர்த்து 'ஜோஹாரி ஜன்னல்'! குணங்களைச் சொல்ற 56 வார்த்தைகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கும். பொறுமைசாலி, துணிச்சல்காரர், நம்பகமானவர் இப்படி. அதுல உங்களுக்குப் பொருந்தும்னு நினைக்கிற அஞ்சாறை நீங்க டிக் பண்ணணும். உங்க ஃப்ரெண்ட்ஸ் உங்களுக்காகத் தனியா டிக் பண்ணுவாங்க. ரெண்டுலயும் வந்தது ஊருக்கே தெரிஞ்ச நீங்க. நீங்க மட்டும் டிக் பண்ணினது, வெளியே காட்டாத நீங்க. அவங்க மட்டும் டிக் பண்ணினது? உங்களுக்கே தெரியாத நீங்க! யாருமே டிக் பண்ணாதது இன்னும் தெரிய வேண்டியது. 'நான் எதுக்கும் லாயக்கில்ல'னு புலம்புற ஃப்ரெண்டை அந்த மூணாவது கட்டத்தைப் படிக்க வைங்க.

6. மொய் நோட்டு

இது டெல்டா ஸ்பெஷல். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணி வந்தா மொய் விருந்து களைகட்டும். சாப்பாடு போட்டு, பந்தல்ல நோட்டு வெச்சு, பேர், ஊர், தொகை எழுதி வாங்குவாங்க. வாங்கினவர் அடுத்தவர் வீட்டு விருந்துல திருப்பிச் செய்யணும், அதுவும் கொஞ்சம் கூடவே வெச்சு. இதையே கிளாஸுக்குக் கொண்டு வாங்க. வாரத்துக்கு ஒருத்தர் பேர்ல மொய். ஒரு நீள நோட்டு, எழுத ஒருத்தர், மைக் இல்லாமலே மைக் செட் குரல்ல வாசிக்க ஒருத்தர். வரிசையா வந்து மொய் செய்யுங்க. 'பாபநாசம் பஸ் குரூப் சார்பா, லேப்ல ரெக்கார்டு நோட்டு கொடுத்து எங்களைக் காப்பாத்தினதுக்காக, பாராட்டு நூத்தி ஒண்ணேய்ய்ய்!' சிரிப்புக்குச் சிரிப்பு, பாராட்டுக்குப் பாராட்டு. நோட்டு கிளாஸ் பீரோவுலயே இருக்கட்டும். செமஸ்டர் முடியறதுக்குள்ள எல்லார் பேர்லயும் ஒரு பக்கம் நிறைஞ்சிருக்கணும். யாரோட மொய்யும் பாக்கி நிக்கக்கூடாது!

எப்போ எதை வைக்கலாம்? முதல் நாளுக்கு முதல் கேம் மட்டும். ரெண்டாவது வாரத்துக்கு நூல்கண்டு, முதுகு பேப்பர். கொஞ்ச நாள் போனதும் ரகசிய ஃப்ரெண்டும் ஜோஹாரியும். என்.எஸ்.எஸ். கேம்ப்னா ரொம்ப சௌகரியம். 7 நாள் ஒரே ஊர்ல, ஒரே ஹால்ல படுத்து, ஒண்ணா மண்வெட்டி பிடிச்சிருப்பீங்க. யார் சோத்துப் பானையைக் கழுவினா, யார் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி வெச்சானு எல்லாருக்கும் தெரியும். ஆறாம் நாள் ராத்திரி ஹெலன் டீச்சரோட லிஸ்ட்டைப் போடுங்க. 1969-ல தொடங்கின என்.எஸ்.எஸ்-ஸோட கொள்கையே 'எனக்கல்ல, உனக்கு'ங்கிறதுதானே!

'சூப்பர் மச்சி' போதுமா?

'சூப்பர்', 'செம', 'வேற லெவல்'... இதெல்லாம் பாராட்டு இல்ல, கொட்டாவி மாதிரி தானா வர்றது. பாராட்டுன்னா எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுக்க கும்பகோணத்துக்கே போகலாம்.

காவிரிக்கரையில இருக்கிற கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-ல ஆரம்பிச்சது. அங்கே 1904-ல ஸ்காலர்ஷிப்போட சேர்ந்தார் ராமானுஜன். கணக்கைத் தவிர மத்த பாடத்துல கோட்டை விட்டதால ஸ்காலர்ஷிப் போச்சு. பட்டமும் வாங்கல. பின்னாடி சென்னையில கிளார்க் வேலை பார்த்துக்கிட்டே, 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன்னோட தேற்றங்களை எழுதி லெட்டர் போட்டார். பிப்ரவரியில பதில் வந்துச்சு. ஹார்டி 'ஆஹா, ஓஹோ'னு எழுதல. அனுப்பின தேற்றங்களை மூணு வகையாப் பிரிச்சார். இதெல்லாம் ஏற்கெனவே தெரிஞ்சது, இதெல்லாம் புதுசு, ரசமானது, இதெல்லாம் புதுசு மட்டுமில்ல, முக்கியமானது. அப்புறம், இதுக்கெல்லாம் நிரூபணம் அனுப்புங்கன்னு கேட்டார். தன் உழைப்பைப் பரிவோட பார்க்கிற ஒரு நண்பர் கிடைச்சுட்டார்னு ராமானுஜன் திருப்பி எழுதினார். மீதிக் கதை உலகத்துக்கே தெரியும்.

கவனிச்சீங்களா? வரி வரியாப் படிச்சிருக்கார், எது நல்லா இருக்குனு குறிப்பா சொல்லியிருக்கார். பாராட்டோட ஃபார்முலாவே அதுதான். 'நீ நல்லவன்'னு சொல்றதைவிட, 'அன்னிக்கு மழையில என் பையை உன் கவர்ல வெச்சுக் காப்பாத்தினியே'னு சொன்னா நிக்கும்.

இன்னொரு விஷயம். 1998-ல கிளாடியா முல்லர், கேரல் ட்வெக்னு ரெண்டு பேர் பள்ளிப் பிள்ளைகளை வெச்சு ஒரு ஆய்வு பண்ணினாங்க. 'நீ புத்திசாலி'னு பாராட்டு வாங்கின பிள்ளைங்க, அடுத்ததா சுலபமான வேலையைத் தேடினாங்க, பேர் கெட்டுடுமோங்கிற பயம். 'நல்லா உழைச்சே'னு பாராட்டு வாங்கினவங்க கஷ்டமானதை எடுத்தாங்க. அதனால மூளையைப் புகழாதீங்க, முயற்சியைப் புகழுங்க. அரியரைக் கிளியர் பண்ணின ஃப்ரெண்டுகிட்ட 'லக்குடா உனக்கு'னு சொல்லாம, 'ராத்திரி 2 மணி வரைக்கும் முழிச்சுப் படிச்சியே, அதுக்குக் கிடைச்சது'னு சொல்லிப் பாருங்க.

வாங்கிக்கவும் கத்துக்கணும். நம்மளை யாராவது பாராட்டினா உடனே என்ன சொல்றோம்? 'அட போடா', 'ஓட்டாதே', 'இது அக்காவோட பழைய சுடிதார்'. இப்படிச் சொன்னா கொடுத்தவர் முகத்துல அடிச்ச மாதிரி. 'தேங்க்ஸ்'. ஒரே வார்த்தை. சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க!

அதுவுமில்லாம, நாமெல்லாம் தஞ்சாவூர் மண்ணு. கச்சேரியில நல்ல ஒரு பிடி விழுந்தா, முடியற வரைக்கும் காத்திருக்காம நடுவுலயே 'பலே', 'சபாஷ்'னு குரல் கொடுக்கிற ஊரு. அந்த 'சபாஷ்' பாரசீகத்துல பிறந்து, ஊர் ஊரா சுத்தி, நம்ம வாயில குடியேறின வார்த்தை. அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த வார்த்தையையே நம்மூர் வார்த்தையா ஏத்துக்கிட்டோம். பக்கத்து பெஞ்சுல இருக்கிறவருக்குச் சொல்ல ஏன் தயக்கம்?

உஷார்... உஷார்!

நல்ல விளையாட்டுதான். ஆனா கவனமில்லாம நடத்தினா காயம் பண்ணிடும். நடத்தப் போற சீனியர்கள் இதை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

வெறும் பேப்பர்: முதுகு பேப்பர் கேம்ல கிளாஸ் ஹீரோவுக்கு 40 வரி, ஓரத்துல உட்கார்றவங்களுக்கு 2 வரின்னா, அந்த 2 வரி வாழ்நாள் பூரா வலிக்கும். ஹெலன் டீச்சர் முறையில இந்தப் பிரச்னையே இல்ல. எல்லாரும் எல்லாருக்கும் எழுதியாகணும். பெரிய கிளாஸ்னா 10 பேரா பிரிச்சுடுங்க.

வஞ்சப் புகழ்ச்சி: 'நம்ம கிளாஸ் அஜித்!'னு குண்டா இருக்கிறவரைச் சொல்லிட்டுச் சிரிக்கிறது பாராட்டு இல்ல, கலாய். 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கே', 'பொண்ணா இருந்தும் நல்லா ஓட்டுறியே', 'தமிழ் மீடியம்னாலும் பரவாயில்லையே'... இந்த 'ஆனாலும்', 'இருந்தும்' வந்தாலே அது பாராட்டு வேஷம் போட்ட குத்தல். நிறம், உடம்பு, டிரஸ், வசதி எதுவும் வேண்டாம்னு ஆரம்பத்துலயே ரூல் போட்டுடுங்க. செஞ்ச காரியம், காட்டின குணம், ரெண்டுதான் அனுமதி.

லவ் லெட்டர் ஆபத்து: பையன் பொண்ணுக்கு ஒரு வரி எழுதினா, மறுநாளே கேன்டீன்ல 'ரெண்டு பேருக்கும் ஏதோ இருக்கு'ம்பாங்க. அந்தப் பேச்சு வீடு வரைக்கும் போனா, அந்தப் பொண்ணு படிப்புக்கே வேட்டு. அதனால எழுதினவர் பேர் இல்லாம, கையெழுத்தும் தெரியாம, ஒருத்தர் தொகுத்து எழுதிக் கொடுக்கிறதுதான் பாதுகாப்பு. தொகுக்கிறவர் ஒரு லெக்சரரா இருந்தா இன்னும் நல்லது. விஷமமான வரி ஏதாவது இருந்தா அங்கேயே வடிகட்டிடலாம்.

கட்டாயம்: இதுதான் எல்லாத்தையும்விட முக்கியம். 'ஏய் ஜூனியர், எழுந்து அந்த அக்காவைப் பாராட்டு'னு சீனியர் அதட்டினா, அது ஐஸ்பிரேக்கர் இல்ல, ராகிங். சும்மா விளையாட்டுக்குனு சொல்லித் தப்பிக்க முடியாது. ஒருத்தர் சாதாரணமா செய்யமாட்டாத, கூச்சத்தையோ அவமானத்தையோ தர்ற காரியத்தைச் செய்யச் சொல்றதே ராகிங்னு யு.ஜி.சி. விதிமுறை தெளிவா சொல்லுது. 'நான் விளையாடல, பார்க்கிறேன்'னு சொல்ல எல்லாருக்கும் உரிமை இருக்கணும். முதல்ல சீனியர்கள் விளையாடிக் காட்டுங்க. பார்த்துட்டு ஜூனியர்கள் தானா வருவாங்க.

அப்படியும் யாராவது மிரட்டினா, 1800-180-5522. ராகிங் புகாருக்கான தேசிய இலவச எண். எந்த நேரமும் கூப்பிடலாம். காலேஜ்ல இருக்கிற ராகிங் தடுப்புக் கமிட்டிகிட்டயும் சொல்லலாம். நம்பரை இப்பவே செல்போன்ல ஏத்தி வெச்சுக்கோங்க. உங்களுக்குத் தேவைப்படலைன்னாலும் பக்கத்து ரூம்காரருக்குத் தேவைப்படலாம்.

இன்னொண்ணு, ஒரு கேமால எல்லாம் மாறிடும்னு யாரும் நினைக்க வேண்டாம். 'எந்தத் தெரு'னு கேட்டவர் ஒரே நாள்ல திருந்திட மாட்டார். ஹாஸ்டல் சண்டை ஹாஸ்டல் சண்டைதான். ஆனா ஒருத்தரைப் பத்தி நல்லதா ஒரு வரி எழுதணும்னா, முதல்ல அவரை நிமிர்ந்து பார்த்தாகணும். 60 பேர் கிளாஸ்ல 59 பேரை ஒரு தடவையாவது உத்துப் பார்க்கிறோமே, அதுவே பெரிய விஷயம். முகம் பார்த்துப் பேசினவங்களை அடிக்கக் கை அவ்வளவு சீக்கிரம் ஓங்காது.

சீனியர்ஸ், இந்த வருஷ வெல்கம் பார்ட்டிக்கு டி.ஜே-வும் கேக்கும் இருக்கட்டும். கூடவே ஒரு கட்டு ஏ4 பேப்பரும் ஒரு டஜன் பேனாவும் வாங்கி வைங்க. கேக் அன்னிக்கே தீர்ந்துடும். பேப்பர் யாரோட பர்ஸுக்குள்ளயோ பல வருஷம் பத்திரமா இருக்கும்!